ஒரு வார்த்தை பேசாத சூசையப்பர்

எங்கள் வீட்டுக்கு வருஷத்தில் ஒருநாள் சூசையப்பரும் மாதாவும் குழந்தை சேசுவும் சாப்பிட வருவார்கள். இப்படிச் சொன்னால் என் பிள்ளைகளே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை இல்லாதப்பட்டவர்களாகப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வருவோம். திருக்குடும்பமே வந்திருப்பதாக நினைத்துக் கால் கழுவி, இலை போட்டு, அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது. கத்தோலிக்க வீடுகள் சிலவற்றில் இருந்த வேண்டுதல் நேர்ச்சைதான் இது. அப்பா தன் பங்குக்கு இதில் ஒரு சட்டத்தையும் ஒரு பிரசங்கத்தையும் சேர்த்துவிட்டிருந்தார். எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம் அந்தச் சட்டமும் பிரசங்கமும் சேர்ந்து எங்களை வகையாக மாட்டிவிட்டன.

சட்டம் இதுதான். வந்தவர்களிடம் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, என்ன ஆளுக என்று மறந்தும் கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் எந்த ஊர், யார் மகன், எந்தத் தெரு, இங்கே யாரைப் பார்க்க வந்தது என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்போம். அப்பாவே சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். பகல் முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "எந்த ஊருக்கு? எந்த ஊருக்கு?" என்று கேட்டே சம்பளம் வாங்குகிறவர். அவர்தான் வீட்டில் இந்தச் சட்டம் போட்டார்.

"பெத்லகேம்ல சூசையப்பர் இடம் கேட்டுப் போனப்ப வீடு வீடா இதைத்தானே கேட்டிருப்பான்? எந்த ஊரு, யாரு, எத்தனை மாசம்னு கேட்டுக் கேட்டுத்தான் கதவைச் சாத்தியிருப்பான்" என்பார்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் முன் வீட்டிலேயே இருந்த ஒரு டீச்சர். சி.எஸ்.ஐ. சபை. வேதாகமத்தை முன்னும் பின்னும் கரைத்துக் குடித்தவர். கத்தோலிக்கர்கள் வேதம் வாசிப்பதே அவருக்கு ஒரு வேடிக்கை. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த பிறகு, வீட்டிலும் வேதாகமம் வாசியுங்கள் என்று பங்குச் சாமியார் சொன்னாலும் சொன்னார், அப்பாவுக்கு அதில் புதுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. டீச்சர் சும்மா விடுவாரா?

"அண்ணாச்சி, சத்திரத்துல இடமில்லன்னுதான் வேதத்துல இருக்கு. கேள்வி கேட்டான்னு எங்க இருக்கு?"

"ஒரு பிள்ளத்தாச்சிக்கு இடம் இல்லாமலா போயிரும் டீச்சர்? கேள்விதான் கேட்டிருப்பான்."

பிரசங்கம் வேறு. சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா நற்செய்தியைத் திறந்து ஒரு பகுதி வாசித்துவிட்டு, சூசையப்பர் நற்செய்தி முழுக்க ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்பதை எடுத்து விரிப்பார். அது உண்மைதான், நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். வானதூதர் பேசுகிறார். ஏரோது பேசுகிறான். இடையர்கள் பேசுகிறார்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளை தொலைந்து கோவிலில் கிடைத்தபோது கூட மாதாதான் கேட்கிறாள், இவர் பக்கத்தில் நிற்கிறார். "மனுசன்னா அப்படி இருக்கணும். வாயத் தொறக்காம காரியத்தப் பாத்தாரு" என்று அப்பா சொல்லி முடிக்கும்போது சாம்பார் ஆறிப்போயிருக்கும். பேசாமல் இருப்பதைப் பற்றி அவரைப்போல் பேசிய இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

எனக்கு அப்போது டிகிரி முடிந்திருந்தது. காலையில் டைப்ரைட்டிங் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் அம்மாவோடு மல்லுக்கு நிற்பது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். 'இவளைக் கட்டிக் கொடுக்கிற வீடு பாவம்' என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த வருஷம் திருநாள் காலையில் முதல் அடி விழுந்தது. சூசையப்பராக வருவதாகச் சொல்லியிருந்த, மார்க்கெட்டில் மூட்டை தைக்கிற பெரியவர், சிவகிரியில் ஒரு கல்யாணம் என்று பஸ் ஏறிவிட்டார். பெண் கிடைப்பதுதான் எப்போதும் எங்களுக்குப் பெரிய பாடாக இருக்கும். "எவரோ ஒரு மனுசன் பக்கத்துல என்னைய எதுக்கு உக்காரச் சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்பதும் நியாயம்தானே! அதனால்தான் நடுவில் குழந்தையை உட்காரவைப்பது என்று அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். அந்த வருஷம் பெண்ணும் குழந்தையும் டீச்சர் தயவில் சுளுவாகக் கிடைத்துவிட்டார்கள். டீச்சருடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விசைத்தறிக்கு நூல் தார் சுற்றுகிற ஒரு பெண், நாலு வயது மகளோடு சித்தி வீட்டில் வந்து இருக்கிறாள் என்று மட்டும் டீச்சர் சொன்னார். அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை, சட்டம் இருக்கிறதே. சூசையப்பருக்குத்தான் ஆளில்லை.

"நான் போய் ஒருத்தரக் கூட்டிட்டு வாரேன்" என்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கூட ஓர் ஆள் நடந்து வந்தார். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. வெயிலில் காய்ந்த முகம், தோளில் துண்டு, காலில் ஆடு மேய்க்கிறவர்கள் போடுகிற கனத்த தோல்செருப்பு, கையில் ஒரு காராச்சேவுப் பொட்டலம்.

"என்னப்பா, சூசையப்பருக்கு ஒரு நரை கூட இல்லையே?" என்றேன்.

"சூசையப்பர் வயசானவர்னு வேதத்துல எங்கட்டி இருக்கு?" என்றார் அப்பா. தன் கேள்வியையே அப்பா திருப்பிக் கேட்டதில், முன் வீட்டு வாசலில் நின்ற டீச்சர் கை தட்டாத குறைதான்.

அந்த ஆளை அப்பா கூட்டி வந்த கதையும் விசேஷம்தான். பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போய், "எங்க வீட்டுல இன்னைக்கு ஒரு நேர்ச்சைச் சாப்பாடு, நீங்க வந்து சாப்பிடணும்" என்றிருக்கிறார். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றாராம். அப்பா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வர, அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார். "அச்சு அசல் சூசையப்பர்தான்" என்று அப்பா அம்மாவின் காதில் சொன்னார். அப்படி ஒரு பூரிப்பு.

முன்வாசலில் நான் செம்பில் தண்ணீர் ஊற்ற, அப்பா அவருடைய காலைக் கழுவினார். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார், பிறகு விட்டுக்கொடுத்தார். அப்போதும் பேசவில்லை. பொட்டலத்தையும் கீழே வைக்கவில்லை. கூடத்தில் போட்ட மூன்று இலைகளில் ஓரத்து இலைக்கு முன்னால் அவரை உட்காரவைத்தோம். அதே நேரம் பின்வாசலில் அம்மா அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் கால் கழுவிவிட்டு, "வா தாயி, வா" என்று உள்ளே கூட்டிவந்தாள். டீச்சரும் பின்னாலேயே வந்தார்.

அடுப்படி நிலையில் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை நிற்கவில்லை.

"ஏய், எங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடிப் போய் அவர் மடியில் விழுந்தது.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளா டீச்சர்? பிள்ளைன்னா இதுல்லா பிள்ளை. மூஞ்சியப் பாத்ததும் அய்யான்னு ஒட்டிக்கிடுச்சு பாருங்க! இதுதான் அருளுங்கது."

அருளெல்லாம் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வந்த பெண்ணின் முகம் எனக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழக்கம்.

"டீச்சர், இதுக்குத்தான் என்னையக் கூட்டிட்டு வந்தியளா?"

"எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாதும்மா. உன் வீட்டுக்காரர நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லையே!" என்றார் டீச்சர்.

"வீட்டுக்காரரா?" என்றார் அப்பா. அவருடைய முகத்திலிருந்த பூரிப்பு ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. பெயரும் ஊரும் கேட்காமல், சண்டை போட்டுப் பிரிந்திருந்த ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் திருக்குடும்பமாக உட்காரவைத்திருக்கிறோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்க முடியாது. வாசலிலேயே எல்லாம் கேட்டுத் தெரிந்திருப்பார்கள்.

அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். அம்மாதான் அவளுடைய கையைப் பிடித்தாள். "இல போட்டாச்சு தாயி. பிள்ள பசியோட இருக்கு. சாப்பிட்டுட்டு வெளிய போய்ச் சண்ட போடு, நான் வேண்டாங்கல." அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, வந்து உட்கார்ந்தாள். ஆனால் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். இலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

என்னம்மா சங்கதி என்று அம்மா மெதுவாகக் கேட்டதுதான் தாமதம், சட்டம் காற்றோடு போயிற்று. அவள் சுவரைப் பார்த்தே சொன்னாள். பின்சுவருக்கு அப்பால் விசைத்தறிச் செட்டு. ராப்பகலாகத் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும், அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் உரக்கத்தான் பேசுவோம். அவளும் தறியில் பழகியவள். சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னாள்.

அவர்களுடைய ஊர் ராயகிரி. ஆடும் கொஞ்சம் புஞ்சையும். பொங்கலுக்கு முன்னால் மகளுக்குக் காது குத்தியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, மாமியார்க்காரி எதற்கோ கோபப்பட்டு, "உங்க வீட்டுல சோத்துக்கு வழியில்லாமத்தான உன்னைய இங்கன தள்ளிவிட்டாக" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா கையிலெடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். இவர், அதாவது எங்கள் சூசையப்பர், பக்கத்தில் சோற்றுப் பானையோடு நின்றிருக்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டே.

"எங்கய்யா சோத்த விட்டுட்டு எந்திரிச்சாகம்மா. இவுக ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? 'ஏம்மா, அப்படிச் சொல்லாத'ன்னு ஒரே ஒரு வார்த்த. நான் வேற ஒண்ணும் கேக்கல. அத எல்லாரும் பாக்கச் சொல்லட்டும், நான் அன்னைக்கே போறேன். ஒவ்வொரு புதங்கிழமையும் சந்தைக்கு வாராக, எங்க சித்தி தெருமுனையில வந்து நிக்காக. நின்னுட்டு, பிள்ளையக் கூடக் கூப்பிடாம போயிருதாக."

அந்தக் காராச்சேவு யாருக்கு என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்திருந்தது.

வேறொருவராக இருந்தால் பிரசங்கத்தை அன்றைக்கு விட்டிருப்பார்கள். அப்பா விடவில்லை. நேர்ச்சை நேர்ச்சைதான் என்று வேதாகமத்தைத் திறந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாதா கர்ப்பமாக இருப்பது தெரிந்து, யாருக்கும் தெரியாமல் அவளை விலக்கிவிடலாம் என்று சூசையப்பர் நினைத்தது, கனவில் தூதர் வந்து பயப்படாதே என்று சொன்னது, அவர் தூங்கி எழுந்து அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டது, இதையெல்லாம் வாசித்தார். வாசித்து முடித்ததும் வாய் தானாகப் பழைய தடத்தில் போய்விட்டது.

"இவ்வளவு நடந்திருக்கு, சூசையப்பர் ஒரு வார்த்த பேசினதா எங்கயும் இல்ல. மனுசன்னா..."

அதற்குள் அந்தப் பெண் சுவரிலிருந்து திரும்பிவிட்டாள்.

"ஒரு வார்த்த பேசாத ஆம்பளையத்தான் நீங்க சாமியாக் கும்பிடுதியளா?"

அவள் தறிச்சத்தத்துக்கு ஏற்றபடி கத்தினாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தறி நின்றது. அவளுடைய கேள்வி எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்பா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷப் பிரசங்கத்தில் யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை. சாப்பிட வந்தவர்கள் பசியோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பசியோடு கொட்டாவி விடுவோம். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணை எழுந்து கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இல்லம்மா, அவரு பேசல. ஆனா..." என்று அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

"அந்த அம்மா வயித்துல பிள்ளையோட நின்னப்ப ஊரு சும்மாவா இருந்திருக்கும்? என்னவெல்லாம் பேசியிருக்கும்? அப்ப உங்க சூசையப்பர் என்ன செஞ்சாரு?" என்றாள் அவள்.

அப்பா வாசித்த இடத்தையே மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, பிரசங்கக் குரல் இல்லாமல், டிக்கெட் ஜன்னலில் பேசுகிற குரலில் சொன்னார்:

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரும்மா. ஊரு பாக்கக் கூட்டிட்டுப் போனாரு."

"அப்படிச் சொல்லுங்க!" என்றாள் அவள். "அது பேச்சில்லாம வேற என்ன? ஊரே பேசும்போது, இவ எம் பொண்டாட்டின்னு வாசல் வழியாக் கூட்டிட்டுப் போறது பேச்சில்லையா? அவரு பேசியிருக்காரு. நீங்கதான் பேசலன்னு சொல்லுதிய."

இதைச் சொல்லிவிட்டு அவள் புருஷன் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் சுவர்.

அந்தப் பகுதியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கனவும் தூதரும்தான் அதில் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். விடிந்ததும் தெருவழியாக அவளைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டுமே, அண்டைவீட்டார் பார்ப்பார்களே, அவருடைய அம்மா ஒருத்தி இருந்திருப்பாளே, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்குத் தெரிந்த சூசையப்பர் கையில் லீலிப் பூவோடு பீடத்தில் நிற்கிறவர். அவரைத் தெருவில் இறக்கி நடக்கவிட்டது வேதமே வாசிக்காத அந்த ராயகிரிப் பெண்தான்.

"சரி, சோறு ஆறுது" என்று அம்மா பரிமாற ஆரம்பித்தாள். பருப்பு, சாம்பார், அவியல், பாயசம். அம்மாவுக்குப் பரிமாறும்போது ஒரு பிடிவாதம் உண்டு. கையை நீட்டி மறைத்தால் நிறுத்த மாட்டாள், வாயைத் திறந்து போதும் என்று சொன்னால்தான் நிறுத்துவாள். இவரோ கையை மட்டும் நீட்டினார். அம்மா கைக்கு மேலேயே போட்டாள். அவர் சாப்பிட்டார். அம்மா மறுபடியும் போட்டாள். அதையும் சாப்பிட்டார். நெற்றியில் வியர்வை ஓடுகிறது, கண் பிதுங்குகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. சுவரைப் பார்த்திருந்தவள் ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் பார்த்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை அம்மா சோற்றுக் கரண்டியோடு குனிந்தபோது குழந்தை எழுந்து எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எங்கய்யாவுக்குப் பேச வராது. வயித்த வலிக்கும். போடாத."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. மகளையே பார்த்தார். என்னவோ அந்தக் குழந்தை அவருக்காகப் பேசியதுதான் அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். இலையை மடித்தார். எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார்.

"ராயகிரிக்கு மூணு மணிக்கு பஸ் இருக்கா?"

டிக்கெட் கொடுக்கிறவருக்குப் பஸ் நேரமும் அத்துப்படி. "மூணு பத்துக்கு இருக்கு. சிவகிரி வழியா."

"எங்கம்மாட்டப் பேசிட்டு வாரேன்." இதை அவர் அப்பாவிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகிடம் சொன்னார். முதுகு அசையவில்லை. அவர் மகளின் தலையில் கையை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பேசட்டும் பாப்போம்" என்றாள் அவள். ஆனால் பஸ் புறப்படுகிற நேரம்வரை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொல்ல அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"பேசலன்னா என்னக்கா செய்ய?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். என்னைவிட அவள் மூத்தவளாக இருப்பாள், இருந்தாலும் அக்கா என்றாள். வாய் நீளம் என்று பெயரெடுத்தவள், அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மாதா பீடத்துக்கு முன்னால் நான் உருப்படியாக ஜெபித்தது இந்த ஒன்றைத்தான். அந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டும்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் வாசலில் ஒரு சத்தம்.

"யாரு வீடு இது? எம்மவனுக்குச் சாப்பாட்டுல என்னத்தப் போட்டுக் குடுத்திய?"

கொண்டையும் காதில் தொங்கும் பாம்படமுமாக ஓர் அம்மாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவளுக்குப் பின்னால், தெருவின் அந்தப் பக்கத்தில், மகன் நின்றார். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை, எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாம்பாரு, அவியலுதாம்மா போட்டோம். உள்ள வாங்க" என்றாள் அம்மா.

"பிறந்ததுலருந்து என்னைய எதுத்து ஒரு வார்த்த பேசாத பிள்ள! நேத்து வந்து முத்தத்துல நின்னு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் வேலிமேல தலைய வச்சுப் பாக்க, 'நீ பேசினது தப்புமா'ங்கான். என்னலேன்னு கேட்டா, 'அவ சோத்துக்காக நம்ம வீட்டுக்கு வரல, எனக்காக வந்தா'ங்கான். 'நீ பேசினத நீயே போயித் திருப்பி எடு, நீயே போயிக் கூப்பிடு'ங்கான். ராத்திரி சாப்பிடவும் இல்ல."

ராத்திரி சாப்பிடாததற்கு அம்மா மேலே மேலே போட்ட சோறும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. என்ன ஆகுமோ என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த டீச்சர், முன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அதற்குள் ஆள் அனுப்பியிருந்தார். அந்தப் பெண் கையில் நூல் பிசிறோடு வேலை பாதியில் ஓடி வந்து நின்றாள். மாமியார்க்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி பாக்க? அன்னைக்கு நான் பேசினது பேச்சில்ல. உங்கய்யாட்டயும் வந்து சொல்லுதேன். கிளம்பு. பிள்ளைய எங்க?"

மன்னிப்பு அவ்வளவுதான். அந்த அம்மாளைப் பார்க்க அதற்கே அவள் எத்தனை தூரம் இறங்கி வந்திருப்பாள் என்று தோன்றியது. ஆனால் அந்தப் பெண் மாமியாரைப் பார்க்கவில்லை. தெருவைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"நிசமாவா சொன்னிய? எல்லாரும் பாக்கவா?"

"ம்" என்றார். பிறகு, அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "சொன்னேன்" என்றார்.

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. டீச்சர் அழுதார், அது தெரிந்தது. சித்தி வீட்டிலிருந்து குழந்தையைக் கூட்டிவருவதற்குள் அம்மா மூன்று பேருக்கும் காபி கலந்து கொடுத்தாள். போகும்போது குழந்தை தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, "எங்கய்யா பேசிட்டாக, எங்கய்யா பேசிட்டாக" என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போயிற்று.

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அப்பா மகா உற்சாகத்தில் இருந்தார். "பாத்தியளா சூசையப்பர? கேட்டதும் செஞ்சு குடுத்துட்டாரு. அடுத்த வருசம் அந்தப் பகுதியையே வேற மாதிரி எடுத்துப் பேசணும்" என்றார். அம்மா ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கு, கேட்டுட்டா. எனக்கு அன்னைக்கு வாய் இல்லாமப் போச்சு."

"என்னைக்கு?" என்றார் அப்பா.

அம்மா சொன்னாள். கல்யாணமான முதல் கிறிஸ்மஸாம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அந்த மாதம்தான் அப்பாவைப் பெற்ற தாத்தா இறந்திருந்தார். அப்பாவின் அம்மா எல்லார் முன்னாலும் அம்மாவைக் காட்டி, "இவ காலெடுத்து வச்ச நேரம் என் வீட்டு விளக்கு அணைஞ்சிட்டு" என்று சொன்னாளாம். அப்பா பக்கத்தில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாராம். கையில் குடிலில் வைக்கிற சூசையப்பர் சிலை இருந்ததாம்.

"நீங்க அதத் துடைச்சுக்கிட்டே இருந்திய" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். இத்தனை வருஷமாக அம்மா அந்தப் பிரசங்கத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே சாம்பாரைச் சூடாக்கியிருக்கிறாள்.

"எங்கம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. இனிம யார்ட்டப் போய்ச் சொல்ல?" என்றார் அப்பா.

சுவரில் அப்பாவின் அம்மா படம் மாட்டியிருந்தது. காதில் பாம்படமும் காலையில் வந்த அம்மாளின் அதே கண்டிப்பான பார்வையுமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தில் படத்துக்கு எதிரே போய் நின்றார். பின்னால் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"அம்மா, அன்னைக்கு நீ சொன்னது தப்பும்மா. இவ வந்த பிறகுதாம்மா நம்ம வீட்டுல விளக்கே எரிஞ்சுது."

சொல்லிவிட்டுத் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றார். அம்மா, "அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும்" என்று எழுந்து போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. அம்மா அதற்கு முன்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாத்தான சொன்னாரு?" என்றாள் என்னிடம். "முன் வீட்டு டீச்சருக்குக் கேட்டிருக்கும்லா?"

கேட்டிருக்கும் என்றேன்.